கவிழும் கை

வெயிலில் நடந்து ஒரு வீட்டு வாசலில் போய் நின்றால் யாராக இருந்தாலும் தண்ணீர் கேட்பார்கள். அவர் கேட்க மாட்டார். "இந்தப் பக்கம் கெணத்துல தண்ணி எப்படிங்க இருக்குது?" என்பார். விவரம் தெரிந்தவர்கள் உள்ளே போய்ச் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார்கள். தெரியாதவர்கள் கிணறு எத்தனை அடி, எந்த மாதம் வற்றும், போர் போட்டபோது எங்கே பாறை வந்தது என்றெல்லாம் சொல்வார்கள். அவர் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டு, நல்லதுங்க என்று சொல்லிவிட்டு, வறண்ட தொண்டையோடு கிளம்பிவிடுவார்.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகிற சாலையில் எங்கள் ஊர். சாலையோரத்தில் அவருடைய கிரில் பட்டறை. ஜன்னல் கிரில், கேட், மாடிப்படிக் கைப்பிடி. ஊரில் எல்லோருக்கும் அவர் பாய். அவருக்குப் பெயரும் இருந்தது. வாக்காளர் பட்டியலில் ஒரு மாதிரி, குடும்ப அட்டையில் இன்னொரு மாதிரி, ஆதாரில் மூன்றாவது மாதிரி. மூன்றையும் ஒன்றாக்க ஒரே ஒரு மனு போதும் என்று ஒருமுறை சொன்னேன். மனு என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் வெல்டிங் கண்ணாடியை முகத்தில் இறக்கிக்கொண்டார். ஆகவே எந்தப் பெயரை இங்கே எழுதினாலும் மற்ற இரண்டு ஆவணங்களோடு ஒத்துப்போகாது. பெயரில்லாமலே எழுதுகிறேன்.

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் வருவாய்த் துறையில் இருந்தவன். துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றேன். கேட்பவர்களைப் பார்ப்பதுதான் என் உத்தியோகம். சாதி கேட்பார்கள், வருமானம் கேட்பார்கள், இருப்பிடம் கேட்பார்கள், செத்துப்போனவர்களுக்கு வாரிசு கேட்பார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் உள்ளங்கைகள் வரிசையாக மேலே பார்த்து நிற்கும். மேசைக்கு இந்தப் பக்கமும் சில உள்ளங்கைகள் மேலே பார்த்தபடி இருந்ததுண்டு. அதைப் பற்றி விசாரணை அறிக்கைகள் இருப்பதால் நான் தனியாக எழுத வேண்டியதில்லை. இப்படிப்பட்ட அனுபவத்தோடு ஊர் திரும்பியவனுக்கு, எதையும் யாரிடமும் கேட்காத ஒருவர் எதிரில் வந்தால் அவரை எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது என்று தெரியாது.

ஒருமுறை ஓசூருக்கு ஒரு கேட்டை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனார். வழி கேட்கவில்லை. சாலையோரப் பலகைகள் கன்னடத்துக்கு மாறிய பிறகும் கேட்கவில்லை. கனகபுரா வரை போய், அங்கே ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். கேட் இரண்டு நாள் தாமதம். எப்படி இருந்தது பயணம் என்று கேட்டதற்கு, "ஊரு நல்லாத்தாங்க இருக்குது சார், ரோடும் பரவால்ல" என்றார்.

கேட்க மாட்டாரே தவிர, தேவையே இல்லாத மனிதர் அல்ல. தேவை வந்தால் அதற்கென்று ஒரு நடைமுறை வைத்திருந்தார். வேண்டிய பொருளையோ அதற்குச் சம்பந்தப்பட்ட பொருளையோ நம் கண்ணில் படும் இடத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார். மின்கட்டண அட்டையில் ஏதோ தவறு என்றால், நான் காலையில் நடந்துபோகும் வழியிலுள்ள சிமெண்ட் பெஞ்சின் மேல் அந்த அட்டை கிடக்கும். மேலே காற்றில் பறக்காமலிருக்க ஒரு நட்டு. அவர் பட்டறைக்குள் நின்று, தேவையே இல்லாமல் எதையாவது சுத்தியலால் தட்டிக்கொண்டிருப்பார். எழுத்து இருக்கும் தாளைப் படிக்காமல் கடந்துபோகிற பழக்கம் எனக்கு இல்லை. அதை அவர் எப்படியோ கண்டுபிடித்து வைத்திருந்தார்.

ஒரு ஆங்கிலக் கையேடும் அப்படித்தான் ஒருநாள் பெஞ்சுக்கு வந்தது.

பெங்களூரிலிருந்து ஒரு மென்பொருள்காரர் ஒகேனக்கல் சாலையில் நிலம் வாங்கி, விடுதி கட்டப் போவதாகச் சொல்லி, பாயிடம் ஒன்பது கூடைகள் செய்யச் சொன்னார். ஆள் உயரக் கம்பம். அதன் நடுவில் ஒரு இரும்புக் கூடை. மேலே வட்டமான வளையத்திலிருந்து சங்கிலிகள் தொங்கும். டிஸ்க் கோல்ஃப் என்று ஒரு விளையாட்டாம். கோல்ஃபில் பந்தைக் குழிக்குள் அடிப்பார்கள். இதில் ஒரு பிளாஸ்டிக் தட்டை எறிந்து சங்கிலியில் படவைத்துக் கூடையில் விழச் செய்ய வேண்டும். குறைந்த எறிகளில் முடிப்பவர் வென்றவர். பணக்காரர்களின் விளையாட்டிலிருந்து பந்து, மட்டை, புல்வெளி எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சுமோ அது.

மென்பொருள்காரர் கூலியை முழுதாகக் கொடுத்தார். மாதிரிக்கென்று ஒரு பெட்டித் தட்டுகளையும் அந்த ஆங்கிலக் கையேட்டையும் கொடுத்தார். பிறகு விடுதி யோசனையைக் கைவிட்டுவிட்டு வெளிநாடு போய்விட்டார். கூடைகளை எடுத்துக்கொள்கிறீர்களா என்று பாய் அவரிடம் கேட்டிருக்கலாம். இதை நான் எழுதும்போதே உங்களுக்குச் சிரிப்பு வந்தால், அவரை உங்களுக்கு ஓரளவு புரிந்துவிட்டது என்று பொருள்.

அதுதான் அவர் செய்த கடைசி வேலையாகவும் ஆனது. கண் மருத்துவர், இனி வெல்டிங் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். மனைவி இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரே மகள் ஓசூரில். வேலையும் இல்லை, தனியாக அங்கே என்ன செய்கிறீர்கள், இங்கே வந்துவிடுங்கள் என்று அந்தப் பெண் வாரம் தவறாமல் போன் செய்தது. மாப்பிள்ளையும் நல்லவர். ஆனால் மாப்பிள்ளை வீட்டில் போய் இருப்பது என்றால் என்னவென்று அவர் யோசித்து வைத்திருந்தார். "அங்க போனா சோப்பு எங்க இருக்குதுன்னு கேக்கணுங்க சார். ஃபேன் போடலாமான்னு கேக்கணும். நம்ம வூட்டுல நான் எதையும் கேக்க வேண்டியதில்ல பாருங்க" என்று ஒருமுறை சொன்னார். அவர் தன்னைப் பற்றிச் சொன்ன மிக நீளமான வாக்கியம் அது.

ஆக அவருக்கு ஊரில் ஒரு வேலை தேவைப்பட்டது. ஒன்பது கூடைகளையும் பட்டறைக்குப் பின்னாலிருந்த மேய்க்கால் புறம்போக்கில் கொண்டுபோய் நிறுத்தினார். பாறையும் புளியமரங்களும் வேலிக்காத்தானும் உள்ள இடம். சட்டப்படி அது ஆக்கிரமிப்பு என்று சொல்ல இடமுண்டு. ஆனால் கூடைகளை மண்ணில் புதைக்காமல் கனமான இரும்புத் தகட்டின் மேல் நிறுத்தியிருந்தார். எனவே அவை அசையும் பொருள், ஆக்கிரமிப்பு ஆகாது என்று எனக்கு நானே தீர்ப்பளித்துக்கொண்டு, தினமும் அங்கே போய்ப் பாறையில் உட்கார ஆரம்பித்தேன். மகளிடம் அவர், இங்கே வேலை இருக்கிறது என்று சொல்லத் தொடங்கினார். பொய் இல்லை. விடிந்ததும் எறிய ஆரம்பித்து வெயில் ஏறும்வரை எறிவார். சாயங்காலம் மறுபடியும். எந்த அரசு ஊழியரும் அவ்வளவு நேரம் இருக்கையில் இருந்து நான் பார்த்ததில்லை.

எறிவது எப்படி என்றுதான் தெரியவில்லை. கையேடு இரண்டு விதம் சொன்னது. ஒன்று, கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து வெளிப்பக்கமாக வீசுவது. பல வருடங்கள் கேட் தூக்கியதில் இறுகிப்போன அவருடைய வலது தோள் குறுக்கே வராது. மற்றது ஃபோர்ஹேண்ட். தட்டின் விளிம்புக்கு உள்ளே ஆள்காட்டி விரலும் நடுவிரலும், மேலே கட்டைவிரல், பக்கவாட்டில் ஒரு சுண்டு. அதற்குத் தோள் பெரிதாக வேண்டாம். மணிக்கட்டு போதும்.

நான் பெஞ்சில் உட்கார்ந்து கையேட்டைச் சத்தமாகப் படித்தேன். அவர் சுத்தியல் தட்டுவதை நிறுத்தினார். மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்கவில்லை. நானும் அவருக்காகச் செய்வதாகக் காட்டிக்கொள்ளாமல், எனக்கே விளக்கிக்கொள்வது போலத் தமிழில் சொன்னேன். வேகத்தைவிடச் சுழற்சி முக்கியம் என்றது கையேடு. ஈரத்துண்டை உதறுவது போலக் கடைசி நொடியில் உதற வேண்டும். பாதி பலத்தில் தொடங்க வேண்டும். முழங்கை இடுப்பை ஒட்டி, கைக்கு முன்னால் வர வேண்டும். கக்கத்தில் கோப்பை இடுக்கிக்கொண்டு கையெழுத்து வாங்க ஓடும் குமாஸ்தா மாதிரி என்று இதற்கு நான் உதாரணம் சொன்னேன். அது அவருக்கு உடனே பிடிபட்டது. குமாஸ்தாக்களை அவர் பார்த்திருக்கிறார். அவர்கள்தான் அவரைப் பார்த்ததில்லை.

பிடி சரியாக வந்தது. முழங்கை சரியாக வந்தது. உதறலும் வந்தது. தட்டு மட்டும் போகவில்லை. கையை விட்டதும் தள்ளாடும், இடப்பக்கம் சாயும், விளிம்பு தரையில் குத்தும், பிறகு சக்கரம் மாதிரி உருண்டுபோய் வேலிக்காத்தானுக்குள் புகுந்துகொள்ளும். ஒவ்வொரு முறையும் அதே இடம்.

அந்தப் புறம்போக்கில் ஆடு மேய்த்தவர் மாதம்மா என்ற பெண்மணி. கேட்பதற்குக் கூச்சம் என்பது என்னவென்றே அறியாதவர். என்னிடம் வெற்றிலை கேட்பார், செய்தித்தாள் கேட்பார், பென்ஷன் எவ்வளவு என்றும் கேட்பார். முதல் வாரம் முழுவதும் பாறை மேல் குந்தி உட்கார்ந்து பாயைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்னா பாயி, வூட்டுல இருக்கற சோத்துத் தட்டெல்லாம் எறிஞ்சி தீத்தாச்சா?" என்றார். இன்னொரு நாள் தட்டு உருண்டு ஒரு கிடாயின் காலில் மோதியது. "நல்லா எறியறவனா இருந்தா பயப்படலாம். உனுக்கு எதுக்கு பயப்படறது, நீ குறி வெச்சா அந்த எடத்துல நின்னுக்கறேன், அங்கதான் படாது" என்றார். பாய் சிரித்தபடி முள்ளுக்குள் குனிந்தார்.

தவறு எங்கே என்பதை நான்தான் கண்டுபிடித்தேன். தவறு கண்டுபிடிப்பதில் எனக்கு நெடுங்காலப் பயிற்சி உண்டு; பிறர் எழுதிய எந்தக் குறிப்பும் என் மேசையைத் திருத்தமில்லாமல் கடந்ததில்லை. கையேட்டில் ஒரே வரி. எறியும்போதும், எறிந்து முடித்த பிறகும், உள்ளங்கை வானத்தைப் பார்க்க வேண்டும். பாயின் கை இடுப்பிலிருந்து புறப்படும்போது உள்ளங்கை மேலே பார்த்தபடிதான் வந்தது. தட்டை விடுகிற கடைசி நொடியில் மணிக்கட்டு புரண்டு, கை கவிழ்ந்துவிட்டது. கவிழ்ந்த கை தட்டையும் கவிழ்த்தது.

"கைய கவுக்காதீங்க பாய். உள்ளங்கை மேல பாத்தே இருக்கணும்" என்றேன்.

அவர் தன் கையை இடுப்பருகே நீட்டி, உள்ளங்கையை மேலே திருப்பி, சற்று நேரம் அதையே பார்த்தார். வெறுங்கையை அப்படி வைத்துப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பேருந்து நிலையத்தில் தினமும் பார்க்கிறோம்.

"இப்படிங்களா?" என்றார்.

"அப்படியேதான்."

"இது நமக்கு வராதுங்க சார்" என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பெட்டியில் வைத்து மூடினார்.

இரண்டு நாள் விளையாட்டு நின்றது. மூன்றாம் நாள் நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவராகவே வந்து பக்கத்தில் நின்று சாலையைப் பார்த்தபடி சொன்னார். "இந்தக் கை மேல பாத்து விரியறதுக்குன்னு ஒரு எடம் இருக்குதுங்க சார். தொழுவுட்டு துவா கேக்கறப்ப விரிக்கறேன். எல்லாத்தயும் அங்கயே கேட்டுடறேன். வேற எங்கயும் விரிச்சி பழக்கமில்ல."

வாதத்தில் என்னை வென்றவர்கள் எங்கள் துறையில் குறைவு. "தட்டு மட்டும் மனுசங்ககிட்டயா போவுது பாய்? அதுவும் மேலதான போவுது" என்றேன்.

 அன்று சாயங்காலம் பெட்டி திறந்தது.

அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் கண்டதைச் சொல்ல வேண்டும். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் எறிதல் கொஞ்சமும் மாறவில்லை. உருளும், முள்ளில் புகும், மாதம்மா ஏதாவது சொல்வார். ஒருநாள் நான் வழக்கத்துக்கு முன்பே வீட்டிலிருந்து கிளம்பிவிட்டேன். புளியமரத்துக்கு இந்தப் பக்கம் வந்தபோது சங்கிலிச் சத்தம் கேட்டது. அதுவரை நான் கேட்டிராத சத்தம். மரத்தை விட்டு வெளியே வராமல் நின்று பார்த்தேன். பாய் தனியாக இருந்தார். முழங்கை இடுப்பை ஒட்டி வந்தது. மணிக்கட்டு உதறியது. தட்டு தண்ணீர்ப் பரப்பில் வைத்தது போல ஆடாமல் போய்ச் சங்கிலியில் மோதிக் கூடையில் விழுந்தது. கை அப்படியே நின்றது, உள்ளங்கை வானத்தைப் பார்த்தபடி. அடுத்தது. அதற்கடுத்தது. நான்கில் மூன்று விழுந்தன.

எனக்கு இருமல் வந்துவிட்டது. அவர் திரும்பிப் பார்த்தார், வணக்கம் சொன்னார், ஐந்தாவது தட்டை எறிந்தார். அது வேலிக்காத்தானுக்குள் போயிற்று.

அன்றிலிருந்து நான் தாமதமாகவே போனேன். யாரும் பார்க்காதபோது மட்டும் ஒழுங்காக வேலை செய்கிற ஒருவரை என் வாழ்நாளில் முதல் முறையாகப் பார்த்தேன். மற்றவர்களெல்லாம் நேர் எதிர்.

அறிவிப்பு அதற்குப் பிறகு வந்தது. அந்தப் புறம்போக்கில் குப்பை தரம் பிரிக்கும் கொட்டகை கட்ட உத்தேசம். ஆட்சேபணை உள்ளவர்கள் பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். தாள் கிராம நிர்வாக அலுவலகத்தின் கதவில், உள்பக்கமாகத் திறந்து வைக்கும் கதவில், முறைப்படி ஒட்டப்பட்டிருந்தது. நான் போய்க் கதவைச் சாத்திப் படித்துவிட்டு வந்தேன்.

பாய் செய்தியைக் கேட்டுக்கொண்டார். மகள் அன்றும் போன் செய்தது. பட்டறையில் நின்று அவர் பேசியது எனக்குக் கேட்டது. வேலை இருக்கிறது என்று சொல்லவில்லை. பார்க்கலாம் என்றார்.

ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். என் மனுக்கள் அழகாக இருக்கும். பொருள், பார்வை, மூன்று பத்தி. மனுவை அவர் கடைசி வரி வரை படித்தார். கடைசி வரி, பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன் என்பது. கையெழுத்துப் போடவில்லை. தாளை இரண்டாக மடித்து, பெஞ்சின் மேல் வைத்து, மேலே ஒரு நட்டு வைத்துவிட்டுப் போனார்.

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. மனுவில் கேட்க வேண்டும். ஆட்சேபணையில் கேட்க வேண்டியதில்லை, ஆட்சேபித்தால் போதும். அரசாங்க நடைமுறையில் கேட்காமல் பேச இருக்கிற ஒரே வழி அது. "நீங்க யாருகிட்டயும் ஒண்ணும் கேக்கல பாய். எனக்கு இதுல சம்மதமில்லன்னு சொல்றீங்க, அவ்வளவுதான்" என்றேன். அவர் முகம் தெளிந்தது. கையெழுத்துப் போட்டார். ஆட்சேபணை ஒன்று வந்துவிட்டால் விசாரிக்க வேண்டும், விசாரித்தால் அறிக்கை வேண்டும், அறிக்கை மேலே போனால் அதில் விளக்கம் கேட்பார்கள். முறையாக நகர்த்தினால் அந்தக் கோப்பு என் ஆயுளையும் அவர் ஆயுளையும் தாண்டி நிற்கும். கோப்புகளின் நீண்ட ஆயுளால் ஒருவருக்கு நன்மை நடக்கப்போவது அதுவே முதல் முறை என்று நினைத்துக்கொண்டேன்.

விசாரணைக்கு நானும் உடன் போனேன். மாதம்மாவும் வந்திருந்தார். மேய்ச்சல் போகிறது என்று அவரும் ஒரு ஆட்சேபணை கொடுத்திருந்தார். எழுதிக் கொடுத்தது நான்தான்.

வட்டாட்சியர் ஒரு இளம்பெண். நல்லவர். மனுதாரரை உட்காரச் சொன்னார், முகத்தைப் பார்த்துப் பேசினார். சிக்கலே அதுதான். பழைய ஆட்களாக இருந்தால் தலையைத் தூக்காமல் வாங்கி வைத்துக்கொண்டு போகச் சொல்லியிருப்பார்கள். கோப்பு பத்திரமாக இருந்திருக்கும்.

மாதம்மாவை முதலில் கேட்டார். மேய்ச்சல் நிலத்துக்காக வந்தவர், "அந்தக் கொட்டாயில கூட்டிப் பெருக்க ஆளு வேணுமில்ல, எனக்குப் போட்டுக் குடுங்கம்மா" என்றார். வட்டாட்சியர் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார்.

அடுத்து பாய். "ஐயா, நீங்க அந்த எடத்துல தினமும் வெளையாடறீங்கன்னு எழுதியிருக்கீங்க. வேற எடம் ஏதாச்சும் பாக்கலாமா, இல்ல ஓரமா கொஞ்சம் விடச் சொல்லட்டுமா? உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க. என்னால முடிஞ்சத செய்யறேன்."

அறுபத்தைந்து வருடங்களாகத் தயாராக வைத்திருந்த பதில் அவர் வாயிலிருந்து யோசனையில்லாமல் வந்தது.

"எனக்கு ஒண்ணும் வேணாங்கம்மா."

நான் தொண்டையைச் செருமினேன். வட்டாட்சியர் நிமிர்ந்து, நீங்கள் யார் என்று மரியாதையாகக் கேட்டார். நான் மனுதாரர் அல்ல, பக்கத்து நிலக்காரர் அல்ல, வழக்கறிஞர் அல்ல. விசாரணையில் அப்படிப்பட்டவன் பேச இடமில்லை. அந்த விதியைச் சொல்லி நானே எத்தனையோ பேரை வெளியே நிறுத்தியிருக்கிறேன். போய் வெளியே நின்றேன்.

வாக்குமூலம் எழுதப்பட்டது. ஆட்சேபணை தெரிவித்தவர் தனக்கு எதுவும் தேவையில்லை எனத் தெரிவித்ததால் ஆட்சேபணை முடித்து வைக்கப்படுகிறது. வெளியே வந்தவரிடம், கையெழுத்துப் போடுவதற்கு முன்பு படித்துக் காட்டினார்களா என்று கேட்டேன். "படிச்சாங்க சார். நான் சொன்னதத்தான் எழுதியிருந்தாங்க. ஒரு எழுத்து தப்பில்ல" என்றார். குரலில் வருத்தம் இல்லை. தவறில்லாத ஆவணம் என்பதில் ஒரு திருப்திகூட இருந்தது. பேருந்தில் மாதம்மா எங்கள் இருவருக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு, "வாயத் தொறந்து கேட்டா வாயி தேஞ்சா போயிடும்?" என்று ஊர் வரும்வரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தார். திட்டியதற்கு நடுவில் என்னிடம் வெற்றிலையும் கேட்டார்.

கம்பி வேலி போட்டார்கள். பாய் ஒன்பது கூடைகளையும் பட்டறைக்குத் திரும்ப எடுத்துவந்தார். இப்போது அங்கே கொட்டகை இருக்கிறது. மாதம்மா பச்சை அங்கி போட்டுக்கொண்டு, மக்குவதையும் மக்காததையும் பிரிக்கிறார். பாய் ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறார். சோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டாரா என்பது எனக்குத் தெரியாது. போகிற அன்று விடியலில் கிளம்பியிருக்கிறார். நான் எழுந்து கேட்டைத் திறந்தபோது வாசலில் ஒரு கூடை நின்றது. அதற்குள் தட்டுப் பெட்டி, பெட்டியின் மேல் கையேடு, கையேட்டின் மேல் ஒரு நட்டு.

அந்தக் கூடையை என் வீட்டை ஒட்டிய மாந்தோப்பில் நிறுத்தியிருக்கிறேன். எழுபது சென்ட். என் அப்பா வைத்த மரங்கள். இரண்டு மரத்துக்கு நடுவே நல்ல இடைவெளி விட்டு வைத்தவை. காய்ப்பு குறைந்துவிட்டதால் யாரும் உள்ளே போவதில்லை. பட்டறையிலிருந்து ஐந்து நிமிட நடை. அங்கே ஒன்பது கூடைகளும் தாராளமாக நிற்கும். இதை நான் இப்போது அளந்து பார்த்துச் சொல்லவில்லை. அறிவிப்பு ஒட்டப்பட்ட அன்றே எனக்குத் தெரியும். அவர் வந்து கேட்டால் கொடுப்பது என்று அன்றே முடிவும் செய்திருந்தேன். விண்ணப்பம் வராமல் ஆணை பிறப்பிக்கிற வழக்கம் எங்கள் துறையில் இல்லை.

அவர் ஓசூருக்குப் போவதற்கு முந்தின வாரம் நடந்ததையும் எழுதாமல் விட்டால் இந்தக் கோப்பு முழுமையாகாது.

காலை எட்டு மணி இருக்கும். நான் முன்வாசலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். பாய் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். கையில் அட்டை இல்லை, தாள் இல்லை, நட்டு இல்லை. வெறுங்கையோடு அவர் என் வீட்டுக்கு வந்தது அதுவே முதல் முறை. உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. கேட் கம்பிகளுக்கு நடுவே தோப்பைப் பார்த்தார். மரங்களுக்கு நடுவிலிருந்த இடைவெளியை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"சார்..." என்றார்.

நான் தாளை மடித்து வைத்தேன்.

அவர் வலது கை இடுப்பிலிருந்து மெல்ல முன்னால் வந்தது. முழங்கை உடம்பை ஒட்டியே இருந்தது. உள்ளங்கை மேலே பார்த்தபடி வந்தது. ஒரு மனிதன் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கை அவ்வளவு தூரம் கவிழாமல் வந்து நான் பார்த்ததில்லை. இன்னும் ஒரு சொல்தான் பாக்கி. அந்தச் சொல்லை அவர் சொல்லட்டும் என்று நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

மணிக்கட்டு புரண்டது. கை கவிழ்ந்து கேட்டின் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

"தோப்புல காய்ப்பு எப்படிங்க சார் இருக்குது?" என்றார்.

போன வருடத்தைவிடக் குறைவு, பூ எடுத்த நேரத்தில் பெய்த மழையில் பாதி கொட்டிவிட்டது, செந்தூரா மரங்களில் மட்டும் கொஞ்சம் நிற்கிறது என்று நான் சொன்னேன். அவர் அதை முழுவதும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். நல்லதுங்க என்றார்.